சுயசரிதையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர், ஆவடி எச்.வி.எப்.பில் டாங்கிக்கு வெல்டிங் அடித்தவர், பூந்தமல்லியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று, இந்தப் பக்கத்தில் தன் வாழ்க்கையை நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கை நடுங்குகிறவர்கள்கூட இப்போது போனைப் பார்த்துப் பேசியே எழுதிவிடுகிறார்கள். எழுதுகிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ‘புத்தகமாகவே போட்டுவிடலாமே’ என்று யாராவது சொல்கிற அன்றைக்குத்தான் தூக்கம் கெடுகிறது. கேஸ் போடுவார்களா? பென்ஷனில் கை வைப்பார்களா? தங்கச்சி பேசாமல் போய்விடுவாளா? இவ்வளவு செலவு செய்து போட்டால் யார் வாங்குவார்கள்?

இந்தப் பயங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. நம்மில் பலர் கோர்ட்டை நினைத்துத் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். வீட்டை நினைத்துத் தேவையான அளவுகூடப் பயப்படுவதில்லை. ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்ற ஒரே வரியை எல்லாவற்றுக்கும் கேடயமாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கேடயம் சில இடங்களில் தாங்கும், சில இடங்களில் தாங்காது.

முதலில் சட்டம். ஒரு சுயசரிதையை வெளியிடலாமா கூடாதா என்ற வழக்கு சென்னையிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எழுதியவர் தேசத் தலைவரோ இலக்கியவாதியோ அல்ல. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர். 1991-இல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சுமார் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதி, மனைவி வழியாக வக்கீலிடம் சேர்த்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் உட்படப் பலருக்குத் தன்னோடு இருந்த தொடர்பை அதில் எழுதியிருந்தாராம். ‘நக்கீரன்’ அதைத் தொடராக வெளியிடப்போவதாக 1994 மே மாதம் அறிவித்தது. ஜூன் மாதமே சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து கடிதம் வந்தது: இது அவர் எழுதியதே அல்ல, சிறை விதிகளுக்கும் எதிரானது, வெளியிட்டால் நடவடிக்கை வரும். ஆசிரியர் கோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் நீதிமன்றம் போனார்கள்.

1994 அக்டோபர் 7-இல் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, இன்றைக்கும் இந்தியாவில் சுயசரிதை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும். அதிலிருந்து நமக்கு வேண்டியவை இவைதான். தங்களைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்ற அச்சத்தால் ஒரு புத்தகத்தை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. வந்த பிறகு, பொய் என்றால், வழக்குப் போடலாம். அரசு ஊழியர் தன் பதவிக் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால், அவர் தனியுரிமை என்று சொல்லித் தப்ப முடியாது. எழுதியது பொய், உண்மையா என்று பார்க்கக்கூட அக்கறையில்லாமல் எழுதியது என்று அவர்தான் காட்ட வேண்டும். நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம். ஆனால் பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு இந்த விதி பொருந்தாது.

தீர்ப்பின் இன்னொரு பகுதியைத்தான் பலர் படிப்பதில்லை. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமில்லாமல் வெளியிட்டால், அது உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, அவர் நஷ்டஈடு கேட்கலாம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகு இந்தப் பகுதி இன்னும் வலுத்திருக்கிறது. அதாவது, உங்கள் மேலதிகாரி லஞ்சம் வாங்கியதை ஆதாரத்தோடு எழுதுவதைவிட, உங்கள் அண்ணிக்குக் குழந்தை தங்காத கதையை அன்போடு எழுதுவது சட்டப்படி சிக்கலானது. கேட்கத் தலைகீழாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது.

இந்தத் தீர்ப்பு வந்த பிறகு ஆட்டோ சங்கர் அதிக நாள் இருக்கவில்லை. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். நாட்டின் சுயசரிதைச் சட்டம் ஒரு கொலைக் கைதியின் கையெழுத்துப் பிரதியிலிருந்து நமக்குக் கிடைத்தது என்பது விசித்திரம்தான். சிறையிலிருந்து வந்த வாழ்க்கைக் கதைக்கு இந்தப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு 1998 ஜனவரி 28-இல் தூக்குத் தண்டனை விதித்தது பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம். அந்த 26 பேரில் ஒருவரான நளினியின் நினைவுகள் 2016-இல், அவர் சிறையில் இருக்கும்போதே, சென்னையில் புத்தகமாக வெளிவந்தன.

அவதூறு என்பது என்ன? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500. அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் ‘எழுதியது உண்மை’ என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டதில் பொது நன்மை இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மச்சான் குடிகாரன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை ஊருக்குச் சொன்னதில் என்ன பொது நன்மை என்று நீதிபதி கேட்டால் பதில் வேண்டும். சிவில் வழக்கு போட, வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. கிரிமினல் புகாருக்கு மூன்று வருஷம்.

இறந்தவர்களைப் பற்றி எழுதினால்? அவர்களையும் அவதூறு செய்ய முடியும் என்கிறது கிரிமினல் சட்டம்: உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும், அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் உள்ளதாகவும் எழுத்து இருக்க வேண்டும். தனியுரிமை வேறு விஷயம். ஜெயலலிதா வாழ்க்கையை வைத்து எடுத்த படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவர் வாழும்போது பெற்ற தனியுரிமையும் நற்பெயரும் அவரோடு முடிகிறது, வீடு வாசல் மாதிரி வாரிசுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. காலமான அப்பாவின் இரண்டாம் குடும்பத்தைப் பற்றி எழுதத் தயங்குகிறவர்களுக்கு இது ஒரு தெளிவு. அந்த இரண்டாம் குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும்.

முன்கூட்டியே தடுக்க முடியாது என்று சட்டம் சொன்னாலும், தடை வாங்கவே முடியாது என்று அர்த்தமில்லை. குஷ்வந்த் சிங்கின் சுயசரிதையிலிருந்து ஒரு பகுதி 1995 அக்டோபரில் ‘இந்தியா டுடே’யில் வந்தது. இந்திரா காந்தி வீட்டுச் சண்டையைப் பற்றிய பகுதி. மேனகா காந்தி டெல்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். 2001 செப்டம்பரில்தான் தடை விலகியது. புத்தகம் 2002-இல் வந்தது. வழக்கு தொடங்கும்போது குஷ்வந்த் சிங்குக்கு வயது எண்பது. ஜெயித்தார், ஆனால் ஆறு வருஷம் காத்திருந்து ஜெயித்தார். அம்பத்தூர்க்காரர் ஒருவருக்கு வக்கீல் ஃபீஸே தண்டனை என்பதை மறக்கக் கூடாது. ஆகவே வழக்கில் ஜெயிப்பதைவிட, வழக்குக்கு இடம் தராமல் எழுதுவதுதான் மலிவு.

அது எப்படி என்று ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். நானாகக் கட்டிய வாக்கியம்தான். ஆனால் இது மாதிரி ஒன்று இல்லாத கையெழுத்துப் பிரதி அபூர்வம்.

‘என் மூத்த மச்சான் குடித்துக் குடித்து, மாமனாரை ஏமாற்றி, கொரட்டூர் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான்.’

இதில் குற்றச்சாட்டு மூன்று. குடித்தான், ஏமாற்றினான், அபகரித்தான். மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில். இப்போது இதைப் பாருங்கள்.

‘1986-இல் கொரட்டூர் வீடு மூத்த மச்சான் பெயருக்கு மாறியது. பத்திரம் பதிவான விஷயம் எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அந்த வருஷம் தீபாவளிக்கு மாமனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகைக்கு வீடு தேடினோம்.’

யாரையும் திட்டவில்லை. எல்லாம் உங்களுக்கு நேராகத் தெரிந்தவை. பத்திரம் மாறிய வருஷத்தில் சந்தேகம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபார்க்கலாம். சட்டத்துக்காகச் செய்த திருத்தம் எழுத்துக்கும் நல்லதாகிவிட்டது: முதல் வாக்கியத்தில் எழுதியவரின் கோபம் மட்டும் தெரிகிறது, இரண்டாவதில் மாமனார் கண் முன்னால் வருகிறார். தீர்ப்பைப் படிக்கிறவர் கையில் விட்டுவிட்டால் அவரே சரியாகச் சொல்லிவிடுவார்.

பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மச்சானுக்கு ‘குமார்’ என்று பெயர் வைத்தாலும், உங்களுக்கு மூத்த மச்சான் ஒருவர்தானே. அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுகொண்டால் பெயர் மாற்றத்தால் பயனில்லை. ‘சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே’ என்று சுயசரிதையின் முதல் பக்கத்தில் போடுவதும் வீண். சில சமயம் சிரிப்புக்கிடம். உண்மையிலேயே மறைக்க வேண்டியது நிறைய இருந்தால் நாவலாக எழுதலாம். ராஜ் கௌதமன் தன் வாழ்க்கையைச் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்ற நாவலாகத்தான் எழுதினார்.

ஆவடிக்கே உரிய ஒரு சங்கதியை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியவில்லை. 2021 மே 31-இல் மத்திய அரசு தன் ஓய்வூதிய விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு சார்ந்த அமைப்புகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள், அந்த அமைப்பின் பணி வட்டம், அங்கே இருந்தவர்களின் பெயர், பதவி, அங்கே வேலை செய்ததால் கிடைத்த அறிவு ஆகியவற்றைப் பற்றி எதை வெளியிட வேண்டுமானாலும் அமைப்பின் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். மீறினால் பென்ஷனை நிறுத்தலாம், குறைக்கலாம். உளவு அமைப்பு என்றதும் ‘ரா’, ஐ.பி. என்று நினைத்துக்கொண்டு நமக்கென்ன என்று இருந்துவிடுவோம். அந்த அட்டவணையில் டி.ஆர்.டி.ஓ. இருக்கிறது, சி.ஆர்.பி.எப். இருக்கிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆவடி சி.வி.ஆர்.டி.இ., டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம். சி.ஆர்.பி.எப்.புக்கும் ஆவடியில் பெரிய மையம் உண்டு. இந்த இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர் ‘என் பணிக்கால நினைவுகள்’ என்று தலைப்பு வைத்தாலே முன் அனுமதி பற்றி யோசித்தாக வேண்டும். ஓய்வுபெறும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும்.

எச்.வி.எப். கதை வேறு. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை, இப்போது ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அந்த அட்டவணையில் அது இல்லை. ஆனால் 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் பாதுகாப்புத் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் உண்டு. கேன்டீன் சாப்பாடு, யூனியன் தேர்தல், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, பொங்கல் போனஸ் பற்றி எழுத யாரும் தடுக்கப்போவதில்லை. தகட்டின் தடிமன், உற்பத்தி எண்ணிக்கை, ஷெட்டுக்குள் எடுத்த போட்டோ ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பெரிய ஆட்களுக்கும் இந்த வாசல் திறப்பது எளிதல்ல: முன்னாள் ராணுவத் தளபதி நரவணேயின் நினைவுக் குறிப்பு 2024 ஜனவரியில் வெளிவருவதாக இருந்து, பாதுகாப்பு அமைச்சகத்தின் பரிசீலனைக்குப் போய் அங்கேயே நின்றது.

டன்லப், டி.ஐ. சைக்கிள், பாடி லூகாஸ் என்று தனியார் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வி.ஆர்.எஸ். வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ரகசியம் காக்கும் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இனி வீடு. சட்டப் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது, ஆனால் அடி விழுவது இங்கேதான்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. கன்னியாஸ்திரீ மடத்தை விட்டு வெளியே வந்து, வேலையும் இல்லாமல் திசையும் தெரியாமல் இருந்த காலத்தில் எழுதியது. தலித் பெண் ஒருவர் தன் ஊரின் மொழியிலேயே தன் வாழ்க்கையைச் சொன்ன அந்தப் புத்தகம் பின்னால் ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்ட் பரிசு பெற்று, இன்றைக்குப் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. வந்த புதிதில் நடந்தது வேறு. ஊர்க்காரர்களுக்குக் கோபம், நம்மைப் பற்றி எழுதி ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்று. சில மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. பிறகு படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்ட, கோபம் ஆறியது. அந்தப் புத்தகம் யாருக்காகப் பேசியதோ அவர்களே முதலில் முகம் திருப்பினார்கள் என்பதைச் சுயசரிதை எழுதுகிற எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரி கோபப்படுவார் என்று தயாராக இருப்போம். நம் பக்கம் என்று நினைத்தவர் கோபப்படும்போது கை கால் ஓடாது.

கேரளத்தில் கமலா தாஸ் ‘என்ட கதா’வைத் தொடராக எழுதியபோது குடும்பத்திலிருந்தே நிறுத்தச் சொல்லி நெருக்கடி வந்தது, தொடர் நிற்கவில்லை, 1973-இல் புத்தகமானது. நார்வேயில் கார்ல் ஓவே க்னவுஸ்கோர் 2009-இல் தன் தந்தையின் சாவைப் பற்றி எழுதியபோது, அப்பா வழி உறவினர்கள் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். திருநங்கை ஏ. ரேவதி தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். ஆனால் 2010-இல் முதலில் வந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு, ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் வந்தது அதற்கடுத்த வருஷம். காரணம் எதுவோ, சொந்தக்காரர்கள் படிக்கிற மொழியில் வெளியிடுவது தனித் துணிச்சல்தான்.

வீட்டாரிடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டலாமா? முழுவதையும் எல்லோரிடமும் கொடுப்பது தவறு என்றே எனக்குப் படுகிறது. பத்துப் பேர் படித்தால் பத்துப் பேரும் தங்கள் பங்குக்கு ஒரு பக்கம் கிழிப்பார்கள். மிஞ்சுவது திருமண அழைப்பிதழ் மாதிரி எல்லார் பெயரும் இருந்து யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத ஒரு தாள். ஆனால் யாருடைய நோய், கருச்சிதைவு, கடன், விவாகரத்து உங்கள் பக்கத்தில் வருகிறதோ, அவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்கு முன் காட்ட வேண்டும். ‘அண்ணி, இந்த ரெண்டு பக்கம் உங்களைப் பத்தி வருது. படிச்சுப் பாருங்க, எதுவும் உறுத்தினா எடுத்துடறேன்’ என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். சம்மதித்தால் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவரிடம் போய் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவருக்கு ஆதாரம் போதும்.

தன்னைப் பற்றி எழுதும்போது இவ்வளவு தயக்கம் வேண்டாம். கண்ணதாசனின் ‘வனவாசம்’ இன்றும் விற்கிறதென்றால், தன் சறுக்கல்களை அவர் ஒளிக்காமல் எழுதியது ஒரு முக்கியக் காரணம். மற்றவர்களைத் தோலுரித்துவிட்டுத் தன்னை மட்டும் வேட்டி சட்டையோடு நிறுத்துகிற சுயசரிதைகளைப் படிக்கிறவர் நாலாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சின்னச் சின்ன உரிமைகள் சில. உங்களுக்கு வந்த கடிதத்தின் காகிதம் உங்களுடையது. அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருடையது, அவர் இறந்த பிறகு அவர் வாரிசுகளுடையது. முழுக் கடிதத்தை அச்சிடாமல், அதில் என்ன சொல்லியிருந்தார் என்று உங்கள் வார்த்தையில் எழுதிவிடலாம். குடும்பமாக ஸ்டுடியோவுக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்கே. பத்திரிகையில் வந்த படத்துக்கு அனுமதி வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு வரி போடுவது நம்மவர்களுக்குப் பெரிய ஆசை. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார், ஆகவே அவர் எழுதியவற்றுக்கு 2041 முடிய உரிமை உண்டு. பாட்டின் பெயரைச் சொன்னால் போதும், படிக்கிறவர் மனத்துக்குள் தானே பாடிக்கொள்வார். பாரதியார் பாடல்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அச்சு வேலையில் பயப்பட ஒன்றுமில்லை, ஏமாற மட்டும் இடமுண்டு. பழைய ஆப்செட் முறையில் 1,000, 1,200 பிரதி அடித்தால்தான் கட்டுபடியாகும் என்ற காலம் போய்விட்டது. பி.ஓ.டி. என்கிற டிஜிட்டல் அச்சில் 50 பிரதியும் அடிக்கலாம், 30 பிரதியும் அடிக்கலாம். கணக்கு எளிது: ஒரு பாரம் என்பது 16 பக்கம், டெமி அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 வார்த்தை, 40,000 வார்த்தை எழுதியிருந்தால் படங்களோடு 200 பக்கத்துக்குள் முடியும். காசைச் சேமிக்கிறேன் என்று மெய்ப்பு பார்ப்பதில் கை வைக்காதீர்கள். எழுதியவருக்குத் தன் பிழை கண்ணில் படாது. வேறு ஒருவர் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு முறை.

பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்கிற இடங்களில் ஒப்பந்தத்தில் ஐந்து இடத்தைப் பாருங்கள்: பதிப்புரிமை யார் பெயரில், எத்தனை வருஷத்துக்கு, எத்தனை பிரதி கையில் தருவார்கள், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, வழக்கு வந்தால் செலவு யார் தலையில். கடைசி நிபந்தனை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் கட்டப்பட்டிருக்கும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. அணிந்துரைக்குப் பெரிய மனிதர்களைத் தேடி ஆறு மாதம் அலைவது அவரவர் விருப்பம். உங்களோடு லேத் ஓட்டியவர் எழுதும் இரண்டு பக்கம் அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

இப்போது ஆசைகள். விற்குமா? ஆவடியில் ஒரு சின்ன ஹாலில் விழா வைத்தால் முதல் நாள் ஐம்பது, அறுபது பிரதி போகும். வந்தவர்கள் மொய் மாதிரி வாங்குவார்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சியில் யாராவது ஒரு பதிப்பகத்தின் மேஜை மூலையில் வைத்தால் இன்னும் கொஞ்சம். நூலக ஆணை கிடைத்தால் அதிர்ஷ்டம். பதிப்பகம் ஏற்றுப் போட்டால் ராயல்டி வழக்கமாக விலையில் 10 சதவீதம். இதை வைத்து வீட்டுக் கடன் அடைக்க முடியாது. போட்ட பணம் திரும்பும் என்று நினைத்துப் போடாதீர்கள், திரும்பினால் சந்தோஷம்.

வேறு ஒரு ஆசை உண்டு, அது வீண் போவதில்லை. உ.வே. சாமிநாதையர் கல்கியின் வற்புறுத்தலால் 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். 122 அத்தியாயம் வந்தது; 1942 ஏப்ரல் 28-இல் அவர் மறைந்தபோது கதை 1899-ஐத்தான் எட்டியிருந்தது. 1950-இல் புத்தகமாயிற்று. முடியாத புத்தகம். இருந்தும் இன்றைக்கு அதைப் புரட்டுகிறவர்கள் அவர் பதிப்பித்த நூல்களுக்காக மட்டும் புரட்டுவதில்லை. அந்தக் காலத்தில் ஒரு மாணவன் எப்படிச் சாப்பிட்டான், எப்படி வண்டியில் போனான், ஆசிரியர் எப்படிப் பாடம் சொன்னார் என்பதற்காகப் புரட்டுகிறார்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு 1846-இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. கப்பல் வந்த நாள், சரக்கு விலை, யார் யாரோடு சண்டை என்று அவர் தனக்காகக் குறித்தது இப்போது சரித்திரத்துக்கு ஆதாரம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோஷலிச பாணி’ தீர்மானம் போட்ட ஆவடி, 2019-இல் மாநகராட்சி ஆனது. அம்பத்தூர் 2011-இலேயே சென்னையோடு சேர்ந்துவிட்டது. இந்த அறுபது வருஷத்தை அரசாங்க அறிக்கைகள் சொல்லும், கம்பெனி ஆண்டறிக்கைகள் சொல்லும். டன்லப் சங்கு ஊதினால் எந்தத் தெருவரைக்கும் கேட்கும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள், லே-ஆஃப் காலத்தில் எந்த மளிகைக் கடை கடன் கொடுத்தது, வயல்வெளியாக இருந்த இடத்தில் பிளாட் என்ன விலைக்குப் போனது, ஏரி நிறைந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்பதை உங்கள் நோட்டு மட்டும்தான் சொல்லும். ஆகவே தத்துவத்தைக் குறைத்து விலைவாசியைக் கூட்டுங்கள். ‘வறுமையில் வாடினோம்’ என்பதைவிட அன்றைய வாடகை எத்தனை ரூபாய் என்பது நூறு மடங்கு பேசும்.

அச்சானதும் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்புங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு புதிய நூலிலும் ஒரு பிரதி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்களே பதிப்பாளர் என்றால் அது உங்கள் பொறுப்பு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பார்வையற்றோர் படிப்பதற்காக எந்தப் புத்தகத்தையும் பிரெய்லாகவோ ஒலியாகவோ ஆசிரியரின் அனுமதி இல்லாமலே மாற்றலாம். உங்கள் கோப்பை யூனிகோடில் வைத்திருந்தால் அந்த வேலை சுலபமாகும்.

வெளிவந்த பிறகு மனம் மாறினால் என்ன செய்வது என்ற கடைசிக் கேள்விக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கேரளத்தில் நளினி ஜமீலா, பாலியல் தொழிலாளியாகத் தன் வாழ்க்கையை 2005-இல் மற்றொருவர் உதவியோடு வெளியிட்டார். புத்தகம் பரபரப்பாக விற்றது. ஆனால் அதில் இருந்தது தன் குரல் இல்லை என்று அவருக்குப் பட்டது. விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, அதே ஆண்டு இறுதிக்குள் தானே திருத்திய இரண்டாம் வடிவத்தைக் கொண்டுவந்தார். தமிழிலும் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் அவர் கதை கிடைக்கிறது. நீங்கள் முதலில் 50 பிரதி மட்டும் அடித்து, அதில் ஒன்றை மச்சானுக்கும் ஒன்றை அண்ணிக்கும் ஒன்றைப் பழைய யூனியன் செயலாளருக்கும் கொடுத்துப் பாருங்கள். வருஷம் தப்பு, பெயர் தப்பு, நடந்தது அப்படியல்ல என்று மூன்று பேரும் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். வில்லங்கச் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருத்த வேண்டியதைத் திருத்தி, மற்றதை அப்படியே விட்டு, அடுத்த 100-க்குக் கோப்பை அனுப்பலாம்.